அருணாதேவி கோழிக்கோட்டுக்குப் போனது

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டியதும் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டுகிறாள். பெயர் அருணாதேவி. நாற்பதைத் தாண்டியவள். ஏழு பேர் உட்காரக்கூடிய வெள்ளை வண்டி. பின்பக்கக் கண்ணாடியில் மகள் வேதாவின் பெயர் எழுதியிருக்கும்.

வண்டி அவள் கணவன் முருகவேல் வாங்கியது. மழை ஏமாற்றிய ஒரு வருடத்தில், காய்ந்து கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். அன்றைக்கு அது வெறும் விளையாட்டு. பிறகு ஒரு நாள், சென்னை விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு சித்தப்பா பலராமன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலராமன் அவளுடைய அப்பாவின் தம்பி. குடும்பத்தில் எந்த முடிவும் தன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைப்பவர்.

“இவரு வண்டிய பாக்க வந்திருக்காரு. சாவிய எடுத்துக் குடு.”

“எதுக்கு சித்தப்பா?”

“எதுக்குன்னா? நின்னுகினே கெடந்தா துருப் புடிச்சிப் போவும். வித்துட்டு ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கோ. பொம்பளைக்கு அது போதும்.”

“துருப் புடிக்காது. நான் ஓட்டப் போறேன்.”

வந்த ஆள் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. ஸ்டாண்டிலும் முதலில் எவரும் முகம் கொடுக்கவில்லை. “பொம்பள ஓட்டற வண்டியில எவன் ஏறுவான்?” என்று வல்லரசு என்கிற டிரைவர் அவள் காதில் விழும்படியே கேட்டான். ஆசிரமத்துக்குத் தனியாக வந்து போகும் பெண்கள்தான் முதலில் ஏறினார்கள். ஏறியவர்கள் மறுபடியும் அவளையே கூப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் வல்லரசே, தனக்கு வேறு சவாரி இருக்கும் நாளில், “யக்கா, ஏர்போர்ட் சவாரி ஒண்ணு இருக்குது, போறியா?” என்று கேட்கத் தொடங்கினான்.

அருணாதேவிக்கு ஒரே ஒரு தங்கை, அபிநயா. பதின்மூன்று வயது இளையவள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை பார்த்தாள். கொரோனாவின் இரண்டாம் அலையில் அம்மா ராணியம்மாள் படுத்தபோது, கீழ்பென்னாத்தூரை ஒட்டிய அவர்கள் கிராமத்தில் ஒரு ஆள் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. அபிநயா ஊரடங்கில் பாஸ் வாங்கிக்கொண்டு வந்து, கடைசி வரை அம்மா பக்கத்திலேயே இருந்தாள். எதிர்வீட்டுப் பலராமன் சித்தப்பா ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தார். அதை அருணாதேவி குற்றமாகச் சொல்வதில்லை. அன்றைக்குப் பயப்படாதவர் யார்? ஆனால் அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் உட்கார்ந்து, “எங்க அண்ணிய நாங்க எப்பிடிப் பாத்துகினோம் தெரியுமா” என்று அவர் பேசும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வருடம் அபிநயா தன்னோடு வேலை பார்த்த பிஜேஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோழிக்கோட்டுக்காரன். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அருணாதேவி. அப்பா சக்கரபாணி அதற்குப் பிறகு சின்ன மகளோடு பேசவில்லை. வேர்க்கடலை போடுவார், களை எடுப்பார், வந்து சாப்பிட்டுப் படுப்பார். சின்னவளின் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். சித்தப்பாவோ, “வேற பாஷ, வேற ஜாதி, நம்ம மானமே போச்சி” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பதிகள் கோழிக்கோட்டுக்கே குடி போனார்கள்.

அபிநயா கர்ப்பமானதும் அப்பா இளகினார். யாரும் பேசிச் சரிக்கட்டவில்லை. ஒரு நாள் அருணாதேவி வண்டிக்குக் காற்றடிக்க நின்றபோது அவளுக்குப் போன் செய்து, “ஏழாம் மாசம் எப்ப வருது?” என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

2023ஆம் வருடம் ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நிச்சயமானது. பிஜேஷ் வீட்டில் வைத்து வளையல் போட்டு, பிரசவத்துக்குத் திருவண்ணாமலைக்கு அழைத்து வர வேண்டும். அருணாதேவியின் வண்டியிலேயே ஏழு பேர் போவதாகப் பேச்சு. அம்மா இல்லை. அருணாதேவி கணவனை இழந்தவள். ஆகவே முதல் வளையலைத் தன் மனைவி தனம் போடுவாள் என்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்காவிட்டாலும், அண்ணன் கேட்டு மறுக்க முடியவில்லை. முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தகர டின்களில் அடைத்தாயிற்று.

புறப்பட இரண்டு நாள் இருந்தது. சீர்த் தட்டுகளை ஏற்றிக்கொள்ள அருணாதேவி கிராமத்துக்குப் போனபோது, அப்பா வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. கோழிக்கோட்டில் நிபா. காய்ச்சலில் இறந்த இரண்டு பேருக்கு அதுதான் என்று உறுதியாகியிருந்தது. வௌவால் படம், முகக்கவசம் போட்ட டாக்டர்கள், கயிறு கட்டி மறித்த தெரு என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். டிவிக்கு முன்னால் சித்தப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பாத்தியா? நூத்துல எழுவது பேரு செத்துப் போறானாம். கொரோனாவெல்லாம் இதுக்கு முன்னாடி கம்மி,” என்றார். குரலில் பயம் தெரியவில்லை. வேண்டாத விருந்துக்குப் போகாமலிருக்க நல்ல சாக்குக் கிடைத்தவரைப்போல இருந்தார்.

அருணாதேவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வாசலுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

அபிநயாவின் குரல் கம்மியிருந்தது. “அக்கா, எங்க பஞ்சாயத்தையும் சேத்துட்டாங்க. ரோட்ட மூங்கில் வச்சி மறிச்சிருக்காங்க. வெளி ஆளு உள்ள வரக்கூடாது, உள்ள இருக்கறவங்க வெளிய போவக்கூடாது. கூட்டம் சேரக்கூடாதுன்னு மைக்ல சொல்லிகினு போறாங்க. எங்க தெருவுல யாருக்கும் இல்ல. பக்கத்து வார்டுல ஒருத்தர, ஆஸ்பத்திரிக்கு போய் வந்தவர்னு தனியா வச்சிருக்காங்க.”

“உனக்கு ஒடம்பு?”

“நல்லா இருக்குது. பயமா இருக்குதுக்கா.”

“வெளிய போவாத. பிஜேஷ் வேலைக்கு?”

“அவரும் வூட்லதான்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பா சலவைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா நைனா இது?”

“வண்டிய எடு. வெள்ளிக்கெழம வரைக்கும் இன்னா? இப்பவே போலாம். எம் பொண்ணு அங்க தனியா கெடக்கறா.”

“ரோட்ட மறிச்சிருக்காங்க நைனா. உள்ள வுட மாட்டாங்க.”

“பெத்தவன் வந்திருக்கேன்னு சொன்னா வுடாம இன்னா பண்ணுவான்? ஒண்ணர வருஷம் மூஞ்சி பாக்காம இருந்தது போதும்.”

சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அருணாதேவி கையை நீட்டி அதை உருவி எடுத்துக்கொண்டாள். சக்கரபாணிக்கு முகம் சிவந்தது.

“பெத்தவன் நானு. நான் சொல்றேன், எடு.”

“பெத்தவரு நீங்கதான். ஓட்டறவ நானு. எடுக்க மாட்டேன்.”

கிராமத்தில் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

“ஏழு பேரு கெளம்பிப் போறோம். வழியெல்லாம் எறங்கி டீ குடிப்போம், சாப்புடுவோம், எவன் இருமினானோ அவன் பக்கத்துல நிப்போம். அப்பிடியே போயி ஏழு மாசக்காரி வூட்டுக்குள்ள கூட்டமா உக்காருவோம். நமக்கு இன்னா ஆனாலும் பரவால்லன்னு நீங்க சொல்லலாம். நம்மால அவளுக்கு ஒண்ணுன்னா? அம்மாவுக்கு மூச்சு வாங்கினத பாத்தவங்கதான நாம? எறங்குங்க நைனா.”

சக்கரபாணி முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

சித்தப்பா வாசலுக்கே வந்து, கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அவளே சொல்லிட்டா பாத்தியாண்ணா! சாமியா பாத்து வழி காட்டுது. அந்த ஊரு சம்மந்தமே நமக்கு வாணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன். அதிரசத்த புள்ளைங்களுக்குக் குடுங்க.”

அருணாதேவி வண்டிக் கதவைச் சாத்தினாள்.

“சித்தப்பா, நான் சொல்றதையும் நீங்க சொல்றதையும் ஒண்ணாக்காதீங்க. நான் இப்ப வாணாங்கறேன். நீங்க எப்பவுமே வாணாங்கறீங்க. மூங்கில எடுக்கற அன்னிக்கு நான் கெளம்பிடுவேன்.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தங்கையோடு வீடியோவில் பேசினாள். முதல் வாரம் அபிநயா அழுதாள். காய்கறி வண்டி வராத நாளில் பிஜேஷின் அம்மா பப்பாளிக்காயைப் பொரியல் செய்துவிட்டு, கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாது என்று நினைவு வந்து தானே உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு மறுபடியும் அழுதாள். அருணாதேவி சமாதானம் சொல்லமாட்டாள். “இன்னிக்கு யாருக்காவது புதுசா வந்துச்சா? ஒடம்பு சூடு பாத்தியா? டாக்டர் போன்ல இன்னா சொன்னாங்க?” என்று கேள்வியாகக் கேட்பாள். பதில் சொல்லச் சொல்ல அபிநயாவுக்கு அழுகை நிற்கும்.

இந்தச் சேதி ஸ்டாண்டுக்கும் எட்டியிருந்தது. வல்லரசு தயங்கித் தயங்கி வந்தான். “யக்கா, தப்பா எடுத்துக்காத. உன் தங்கச்சி ஊருன்னு தெரிஞ்சி ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரரு உன் வண்டி வாணாம்னாரு. கொஞ்ச நாளு வண்டிய ஓரமா போடேன்.”

“நான் இந்த ஊர வுட்டு நகரவே இல்லடா. போயிட்டு வந்தா அப்ப கேளு, பதில் சொல்றேன். போவாததுக்கு எதுக்கு ஓரமா போடணும்?”

அந்த கெஸ்ட் ஹவுஸுக்கே போய், வரவேற்பில் இருந்தவரிடமும் அதையே சொன்னாள். அவர் சங்கடப்பட்டு வௌவாலைப் பற்றி ஏதோ சொன்னார். “வௌவால் எங்க ஊரு புளியமரத்துலயும் தொங்குது சார். அதுக்காக என்னப் பூட்டி வைக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர்கள் அந்த மாதம் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் மறுபடி போய்க் கேட்கவில்லை.

புரட்டாசி பிறந்து சில நாட்களில் நல்ல சேதி வந்தது. புதிதாக யாருக்கும் வரவில்லை. தடைகளை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்தன. அபிநயாவைப் பார்க்கும் டாக்டர், வழியில் அடிக்கடி நிறுத்தி, பகலில் மட்டும் பயணம் செய்தால் போகலாம், இன்னும் தள்ளிப்போட்டால் வண்டியில் போவது நல்லதல்ல என்று சொன்னார். அருணாதேவி அதோடு விடவில்லை. சுகாதாரத் துறையின் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டாள். போகத் தடையில்லை, திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள் என்றார்கள்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் சித்தப்பாவின் கடைக்குப் போனாள். கிரிவலப் பாதையில் எமலிங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவருக்குப் பூஜைச் சாமான் கடை. கூட்டத்துக்காகக் கற்பூரப் பாக்கெட்டும் அகல் விளக்கும் ருத்திராட்ச மாலையும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, தடைய எடுத்துட்டாங்க. பௌர்ணமி கழிச்சி ஞாயித்துக்கெழம கெளம்பறோம். சித்திய அனுப்பி வையுங்க.”

“புரட்டாசியில எவனாவது வளகாப்பு வைப்பானா?”

“ஆவணில வச்சோம். நடக்கல. வயித்துல இருக்கறது புரட்டாசி முடியட்டும்னு காத்துகினு உக்காந்திருக்குமா?”

அவர் அகல்களை அடுக்குவதை நிறுத்தவில்லை. “அந்த ஊரு நோவ இங்க இட்டாரப் போறியா? ஊருல அவனவன் பேசறான். நாளைக்கு எவனுக்காவது காய்ச்சல்னா நம்ம குடும்பத்ததான் சொல்லுவான்.”

“நாளைக்கு இந்த ரோட்ல எத்தன பேரு வருவாங்க சித்தப்பா?”

“லட்சக்கணக்குல வருவான். ஏன்?”

“கேரளாவுலேருந்து பஸ் பஸ்ஸா வராங்களே. கற்பூரம் வாங்க கை நீட்டினா எந்த ஊருன்னு கேட்டுட்டா குடுப்பீங்க?”

சித்தப்பா நிமிர்ந்தார். “அது வேற.”

“எப்பிடி வேற?”

பதில் இல்லாதபோது மனிதர்கள் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார்கள். அவரும் வார்த்தையால் அடித்தார்.

“தனம் வரமாட்டா. எங்க வூட்லேருந்து ஒருத்தரும் வரமாட்டோம். சுமங்கலி இல்லாம யாரு வளையல் போடுவா? நீயா போடப் போற?”

கற்பூரம் வாங்க நின்ற அம்மா ஒருத்தி திரும்பி அருணாதேவியின் நெற்றியைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள் அருணாதேவி. “நான்தான் போடப் போறேன்.”

வண்டியில் ஏறி, கடை கண்ணில் படாத தூரம் வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். அழுகை வந்தது, அழுதாள். சித்தப்பா சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கே பயம் இல்லாமல் இல்லை. நாலைந்து மணி நேரம் ஓட்டிவிட்டு எங்கேயோ நடுவழியில் தங்கைக்கு வலி எடுத்தால்? கூடப் போகும் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்கு ஏதாவது ஆனால்? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக யோசித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகியிருந்தது: தேவையான ஆள் போக வேண்டும்; தேவையில்லாத ஆளை ஆபத்தில் இழுக்கக்கூடாது.

வேதாவுக்குக் காலாண்டு விடுமுறை. சித்தி அபிநயாவைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

“நீ மட்டும் போலாமா? தாத்தா போலாமா? எனக்கு மட்டும் வைரஸா?”

“நான் போயே ஆவணும். தாத்தா அவள ஒண்ணர வருஷமா பாக்கல. உனக்கு ஆசை. அவள இங்கதான இட்டாரப் போறேன், வந்தப்புறம் பாத்துக்கோ. வர்றப்ப அவ கால நீட்டிப் படுக்கணும், எடம் வேணும்.”

வேதா கோபித்துக்கொண்டு தோழி கீதாஞ்சலி வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தக் கோபம் அருணாதேவிக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முந்தின நாளே தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்த அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஆட்டோ ஒன்று நின்றது. தனம் சித்தி இறங்கினாள். பட்டுப் புடவை, ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தகர டின். அறுபது வயதில் கணவன் சொல்லை ஒரு தடவைகூடத் தட்டாதவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“பழைய அதிரசம் வீணாப் போச்சி. புதுசா சுட்டேன்,” என்றாள்.

“சித்தப்பா அனுப்பினாரா?”

“அவரு எங்க அனுப்பறாரு. தூங்கினு இருக்காரு. பக்கத்து வூட்டு வள்ளிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், எழுந்து காப்பி கேட்டா சொல்லுன்னு.”

அப்பா அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

சேலத்தில் சாப்பிட்டார்கள். கோயம்புத்தூர் தாண்டியதும் மலைக்காற்று அடித்தது. பாலக்காட்டுப் பக்கம் தூறல் பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்துக்குக் கோழிக்கோட்டை நெருங்கினார்கள். வழி காட்ட பிஜேஷ் ஸ்கூட்டரில் முன்னால் போனான். வீட்டு வாசலில் அபிநயா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. சக்கரபாணி வண்டியை விட்டு இறங்கி, கேட்டருகே போய், என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்.

“சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார்.

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

மறுநாள் காலை வளைகாப்பு. கூட்டம் இல்லை. பிஜேஷின் அம்மா, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர், இவர்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். சக்கரபாணி, மொழி தெரியாத சம்பந்தியம்மாவோடு காலையிலேயே கொல்லையைச் சுற்றி வந்து, தென்னையில் ஏறியிருந்த மிளகுக் கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனையில் அபிநயா உட்கார்ந்தாள். தட்டில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

தனம் சித்தி எழுந்து தட்டை எடுத்தாள். எடுத்தவள் அபிநயாவிடம் போகாமல் அருணாதேவியின் முன்னால் நீட்டினாள்.

“நீ போடு மொதல்ல.”

“சித்தி, நீங்க...”

“கடத்தெருவுல நின்னு அவருகிட்ட நான் போடுவேன்னு சொன்னியாமே. அவரு வந்து குதிச்சாரு. இப்ப எதுக்கு பின்வாங்கற? போடு.”

அபிநயா இரண்டு கையையும் அக்காவிடம் நீட்டினாள். “போடுக்கா. எனக்கு வேற யாரும் மொதல்ல வாணாம்.” பிஜேஷின் அம்மாவுக்கு இந்தப் பேச்சு ஏன் என்றே புரியவில்லை. மகன் காதோடு சொன்னதும், அதற்கென்ன என்பதுபோலக் கையை விரித்தாள். அருணாதேவி வளையலைப் போட்டாள். இரண்டாவதாகச் சித்தி போட்டாள்.

ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நடு வரிசையில் தலையணை வைத்து அபிநயாவைச் சாய்த்து, பிஜேஷும் கூடவே வந்தான். வாளையாறு எல்லையில் சுகாதாரப் பணியாளர்கள் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். அபிநயாவின் நெற்றியில் கருவியைக் காட்டியதும் அந்தப் பெண் ஊழியர் புருவத்தைச் சுருக்கினார். சூடு கொஞ்சம் ஜாஸ்தி காட்டியது.

“வெயில்லயே வந்தோம் மேடம், அந்தப் பக்கம் ஜன்னல்,” என்றான் பிஜேஷ் பதற்றமாக. அருணாதேவி பக்கம் திரும்பினான். “சேச்சி, அந்த டாக்டர் சீட்டக் காட்டுங்க.”

“சும்மா இரு பிஜேஷ்,” என்றாள் அருணாதேவி. இறங்கி அந்த ஊழியரிடம் போனாள். “அவசரமில்ல மேடம். நெழல்ல உக்கார வச்சி நல்லா பாருங்க. காய்ச்சல்னா நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போறோம். இல்லன்னா இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க, அது போதும்.”

பந்தல் நிழலில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்தாள். மறுபடி பார்த்தபோது சூடு சரியாக இருந்தது. வேறொரு கருவியிலும் பார்த்தார்கள். “ஒண்ணும் இல்ல, பத்திரமா போங்க,” என்றார் அந்த ஊழியர். தனம் சித்தி அவருக்கு இரண்டு அதிரசம் கொடுத்தாள். அவர் கையுறையோடே வாங்கி மேசையில் வைத்தார். அன்று கோயம்புத்தூரில் தங்கி, மறுநாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்கள்.

தெருவில் வண்டி நின்றதும் வாசல்களில் தலைகள் தெரிந்தன. யாரும் கிட்டே வரவில்லை. யாரோ ஒருவர் மாடியிலிருந்து, “கேரளாவுலேருந்தா வரீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க, கோழிக்கோடு,” என்று அருணாதேவி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “எல்லையில காய்ச்சல் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு மொதல்ல நானே சொல்றேன். சந்தேகம் இருக்கறவங்க தள்ளி நில்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா என் தங்கச்சி இங்கதான் இருப்பா.”

சில நாட்கள் தள்ளித்தான் நின்றார்கள். பிறகு பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக்கீரை கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த தடவை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

வந்த மறுநாளே சித்தப்பா வந்தார். வாசலோடு நின்றார். மனைவியைக் கூப்பிட்டார். தனம் சித்தி முறத்தோடு வெளியே வந்தாள்.

“கெளம்பு.”

“நான் எங்க கெளம்பறது? புள்ள பொறக்கற வரைக்கும் இங்கதான். தாயில்லாப் பொண்ணு.”

“அப்ப எனக்கு சோறு?”

“கீழ்பென்னாத்தூர்ல எத்தினி ஓட்டலு இருக்குது.”

சித்தப்பா அருணாதேவியை முறைத்தார். எல்லாம் அவள் செய்த வேலை என்று அவருக்கு எண்ணம். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. “உள்ள வந்து காப்பி சாப்புடுங்க சித்தப்பா,” என்றாள். அவர் வராமல் போனார்.

கார்த்திகை தீபம் முடிந்து ஊர் காலியாகிக்கொண்டிருந்த வாரத்தில் அபிநயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். எழிலரசி என்று பெயர் வைத்தார்கள், தேர்ந்தெடுத்தவர் சக்கரபாணி. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், வல்லரசுகூட வந்து பார்த்துவிட்டுப் போனான். சித்தப்பா வரவில்லை. யாராவது அவருக்குப் போன் செய்து கூப்பிடலாமா என்று அப்பா கேட்டபோது, “கதவு தொறந்துதான் இருக்குது. வர்றவரு வரட்டும்,” என்றாள் அருணாதேவி. அதற்கு மேல் அவள் இறங்கி வரவில்லை. அபிநயா மூன்றாம் மாதம் குழந்தையோடு கோழிக்கோட்டுக்குத் திரும்பினாள். தனம் சித்தியும் தன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் ஆடியில், குழந்தையைப் பார்க்க எல்லோரும் ஒரு தடவை போய்வரலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, மறுபடியும் டிவியில் அந்தப் பெயர் வந்தது. இந்த முறை கோழிக்கோட்டுக்குப் பக்கத்து மாவட்டம். அன்று மத்தியானமே சித்தப்பாவிடமிருந்து போன். அவர் எண்ணைப் பார்த்து வெகு நாளாயிற்று.

“டிவி பாத்தியா?”

“பாத்தேன்.”

“போறியா?”

“இப்ப போவல. அபிநயாகிட்ட கேட்டுகினு இருக்கேன். அங்க அடங்கட்டும்.”

“ம். சரிதான். கொழந்த இருக்கற எடம்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனை வைப்பதாகத் தெரியவில்லை. “அடங்கினப்புறம் போவறப்ப எனக்கும் சொல்லு. உங்க சித்தி தெனம் அந்தக் கொழந்த படத்தையே காட்டிகினு கெடக்கறா. நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வரலாம்.”

அருணாதேவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வண்டிக் கதவைத் திறந்தாள். ஸ்டாண்டில் அவள் முறை வந்துவிட்டது; ஒரு வெளிநாட்டு அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

“வாங்க சித்தப்பா,” என்றாள். “ஆனா எப்ப கெளம்பறது, யாரு யாரு வர்றதுன்னு நான்தான் சொல்லுவேன்.”